ஏஸ்-ஒன்பது கையில் வந்தால் ஆடத்தான் வேண்டுமா? (டெக்சஸ் ஹோல்டெம், தொடக்கச் சீட்டுகள்)

மழைக்காலம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் வசிக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மறைசீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் போக்கர்) ஆடுகிறோம். சில நாள் ஆறு பேர், சில நாள் ஒன்பது பேர். பணம் கிடையாது. ஆளுக்கு ஒரே அளவு பிளாஸ்டிக் காய்கள் தரப்படும். முதலில் காலியாகிறவர் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். ஏழு மாதமாகப் பெரும்பாலும் நான்தான் கழுவுகிறேன்.

போன வாரம் நடந்தது இது. ஒன்பது பேர். பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் காய் வைக்கும் இருவருக்கு) அடுத்த இருக்கை, அதாவது முதலில் பேச வேண்டியவன் நான். இஸ்பேட் ஏஸ், டைமன் ஒன்பது. ரெய்ஸ் செய்தேன். அப்படிப் பந்தயத்தை உயர்த்தியதும் ஒருவர் மட்டும் கூட வந்தார். பிளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஏஸ், ஏழு, மூன்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வரை காய்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், அவரும் பேசாமல் கால் செய்துகொண்டே (அதே அளவு காய் வைத்துக்கொண்டே) இருந்தார். ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) முடிந்து திறந்தால் அவரிடம் ஏஸ்-ராணி. இப்படி ஆவது இது மூன்றாவது முறை.

இணையத்தில் கட்டம் கட்டமாக வண்ணம் பூசிய அட்டவணைகளைப் பார்த்தேன். ஒன்றில் பச்சையாக இருப்பது இன்னொன்றில் சிவப்பாக இருக்கிறது. எதை நம்புவது? ஏஸ் என்ற ஒன்று கையில் இருக்கும்போது அதைக் கவிழ்த்துவிட (ஆடாமல் விட்டுவிட) மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கிளாவர் ஜாக்கி

மனம் வராததுதான் நோய். கணக்கைப் பார்த்தால் வந்துவிடும்.

அட்டவணையில் 169 கட்டங்கள் இருக்கும். 13 ஜோடிகள், ஒரே இனத்தில் (இரண்டும் இஸ்பேட் என்பது போல) 78, இனம் மாறியவை 78. எல்லாக் கட்டமும் ஒரே எடை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஜோடி 6 வகையில் அமையும், ஒரே இனச் சேர்க்கை 4 வகையில், இனம் மாறியது 12 வகையில். மொத்தம் 1326. ஏஸ்-ராஜா 16 வகையில் வரும்போது ஏஸ் ஜோடி 6 வகையில்தான் வரும். யாரிடம் என்ன இருக்கலாம் என்று ஊகிக்கும்போது இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

இப்போது உங்கள் ஏஸ்-ஒன்பது. ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால் கட்டில் மீதி மூன்று. ஏஸ்-பத்து, ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-ராணி, ஏஸ்-ராஜா ஒவ்வொன்றும் 12 வகை, ஆக 48. ஏஸ் ஜோடி 3, ஒன்பது ஜோடி 3. பத்து முதல் ராஜா வரையிலான நான்கு ஜோடிகள் 24. கூட்டினால் 78. ஓர் எதிராளிக்கு வரக்கூடிய சேர்க்கைகள் 1225. அதாவது உங்களைத் தெளிவாக மிஞ்சும் சீட்டு ஒருவரிடம் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறுக்குச் சற்று மேல். ஒருவர் என்றால் பயமில்லை.

உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடம் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 41. அதே ஏஸ்-ஒன்பதோடு பட்டனில் (பிளைண்டுகளுக்கு முந்தைய இருக்கையில்) உட்கார்ந்து, எல்லோரும் கவிழ்த்த பிறகு உங்கள் முறை வந்தால் எதிரே இரண்டே பேர். அப்போது 12. ஒரே இரண்டு சீட்டுகள், நாற்காலி மட்டும் மாறியது.

ஏஸ்-ராணியை எதிர்த்து ஏஸ்-ஒன்பது வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொடுமை, பிளாப்பில் ஏஸ் வருவது. அது வராதிருந்தால் சிறிதாகத் தோற்றிருப்பீர்கள்.

பழைய ரம்மிக்காரன்

தம்பி, நான் திருச்சிக்காரன். போக்கர் எனக்குப் பேரன் சொல்லிக்கொடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ரம்மி நாற்பது வருடம்.

பதின்மூன்று சீட்டை எடுத்து விரித்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது ஸ்கூட் விடலாமா (ஆடாமல் விலகலாமா) என்பதைத்தான். ஜோக்கர் இல்லை, ஒரிஜினல் ரம்மிக்கு (ஜோக்கர் சேராத வரிசைக்கு) வழி இல்லை என்றால் முதல் ஸ்கூட், 20 புள்ளியோடு போயிற்று. ‘இரண்டு சீட்டு எடுத்துப் பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டு நடுவில் விட்டால் 40. பிடிவாதமாக உட்கார்ந்தால் 80 வரை போகும். வீட்டுக் கல்யாணங்களில் விடிய விடிய ஆடித் தோற்றவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். மோசமான சீட்டால் அவர்கள் தோற்றதில்லை. பாதி நல்ல சீட்டுதான் அவர்களைக் கவிழ்த்தது. படமாக எட்டுச் சீட்டு இருக்கும், ஒன்றோடொன்று சேராது, விடவும் மனம் வராது.

உங்கள் ஆட்டத்தில் முதல் ஸ்கூட்டுக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. இலவசம்! ரம்மிக்காரனுக்கு இப்படி ஒரு சலுகை கொடுத்தால் பத்தில் எட்டு ஆட்டம் ஆடவே மாட்டான்.

நள்ளிரவு நாற்காலி

ஐயா சொன்ன உவமை அருமை. ஒரு திருத்தம் மட்டும். முழுக்க இலவசம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பெரிய பிளைண்ட், அதில் பாதியான சிறிய பிளைண்ட் இரண்டும் நம்மிடமிருந்து போகும். அதாவது சுற்றுக்கு ஒன்றரைப் பெரிய பிளைண்ட். ஒன்பது பேர் மேசையில் அந்த விலைக்கு ஒன்பது கை பார்க்கலாம், ஆறு பேர் மேசையில் ஆறுதான். காத்திருப்பின் வாடகை ஏறுகிறது. ஆட்கள் குறையக் குறைய அதிகக் கைகளை ஆட வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். மழைக்காலம் பார்த்த அட்டவணைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒன்று ஒன்பது பேருக்கானது, இன்னொன்று ஆறு பேருக்கானது. தலைப்பைப் பாருங்கள், சிறிய எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று, பழைய பட்டியல்கள். போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்ளான்ஸ்கி தொடக்கச் சீட்டுகளை எட்டுக் குழுக்களாகப் பிரித்தது இன்றும் பல இடங்களில் சுற்றுகிறது. அதன் முதல் குழுவில் ஏஸ் முதல் ஜாக்கி வரையிலான ஜோடிகளும் ஒரே இன ஏஸ்-ராஜாவும் மட்டும்தான். இனம் மாறிய ஏஸ்-ராஜா இரண்டாம் குழுவுக்குப் போய்விடும். ரெய்ஸுக்கு உச்ச வரம்பு உள்ள லிமிட் ஆட்டத்துக்காக எழுந்த பட்டியல் அது. நீங்கள் ஆடுவது வரம்பில்லாத ஆட்டம். அங்கே ஒரு தவறுக்கு இரண்டு காய் போனால் இங்கே நம் காய் அடுக்கு முழுவதும் போகும்.

லாஸ் வேகஸில் சில ஆண்டுகள் இருந்தேன். மிகச் சிறிய பிளைண்ட் மேசைகளில்தான் உட்காருவேன், பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே கற்றதை மழைக்காலத்துக்கு அப்படியே சொல்கிறேன். ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையில் இருந்தால் ஏழு ஜோடியும் அதற்கு மேற்பட்ட ஜோடிகளும், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே இனத்தில் ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-பத்து, ராஜா-ராணி. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்த்தால் 92 சேர்க்கைகள், நூற்றுக்கு ஏழு. குறைவுதான், தேர்ந்தவர்கள் இதைவிட அதிகம் ஆடுவார்கள். பிளாப்புக்குப் பிறகு தப்பிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நடு இருக்கைகளில் மற்ற ஜோடிகள், இனம் மாறிய ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணி, ஒரே இன ராணி-ஜாக்கி, ஜாக்கி-பத்து சேரும். பட்டனில் எல்லோரும் கவிழ்த்திருந்தால் கதவைத் திறந்துவிடலாம். ஒரே இன ஏஸ் எதுவானாலும் சரி, உங்கள் ஏஸ்-ஒன்பதும் சரி, தாராளமாக ரெய்ஸ் செய்யுங்கள்.

பட்டனுக்கு ஏன் இந்தச் சலுகை என்றால், பிளாப்பிலிருந்து ரிவர் வரை மூன்று சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறவர் அவர். மற்றவர்கள் பயப்படுகிறார்களா, துணிகிறார்களா என்று பார்த்துவிட்டுக் காசு வைக்கிறார். முதல் இருக்கைக்காரர் மூன்று சுற்றும் இருட்டில் நடக்கிறார்.

இஸ்பேட் ராணி

எல்லோரும் பாடப் புத்தகம் வாசிக்கிறீர்கள். மழைக்காலம் ஆடுவது நண்பர்கள் வீட்டு மாடியில்! அங்கே யார் ரெய்ஸுக்குப் பயந்து கவிழ்க்கிறார்கள்? சமோசா ஒரு கையில், சீட்டு ஒரு கையில், ஐந்து பேர் கால் செய்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் மேசையும் அப்படித்தான்.

ஏஸ் ஜோடியே ஒருவரை எதிர்த்தால் நூற்றுக்கு 85 வெல்லும். மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் என்றால் பாதிக்கும் கீழே வந்துவிடும். எதிரே ஒன்பது பேர் ரிவர் வரை இருந்தால் 31தான். அது மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை, ஆனால் மூன்றில் இரண்டு தடவை அழ வேண்டும். அப்படிப்பட்ட மேசையில் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு அங்கே பிடித்தது சிறிய ஜோடிகளும், ஏழு-எட்டு மாதிரி ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகளும். ஜோடியோடு உள்ளே போனால் எட்டரை தடவைக்கு ஒரு தடவை பிளாப்பில் மூன்றாகும். ஆகவில்லையா, சத்தமில்லாமல் எழுந்து தேநீர் போடப் போகலாம். மூன்றாகிவிட்டால், யாரோ ஒருவருடைய அடுக்கு முழுவதும் நமக்கு.

அப்புறம், பத்து-இரண்டை வைத்து உலகக் கோப்பையையே ஒருவர் வென்றிருக்கிறார். அதுவும் இரண்டு முறை.

கிளாவர் ஜாக்கி

மேற்கோள்: “பத்து-இரண்டை வைத்து உலகக் கோப்பையையே...”

இது வரும் என்று எதிர்பார்த்தேன். டாய்ல் பிரன்சன், 1976, 1977. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. இரண்டு ஆண்டும் இறுதிக் கையில் அவரிடம் பத்து-இரண்டு. இரண்டு ஆண்டும் ரிவரில் பத்து விழுந்து மூன்று பத்தும் இரண்டு இரண்டுமாக முடிந்தது. இன்றும் அந்தச் சீட்டுக்கு அவர் பெயர்தான். கதை அழகானது. ஆனால் அப்போது மேசையில் எத்தனை பேர் இருந்தார்கள்? இரண்டு. இருவர் மட்டும் ஆடும்போது பிளைண்ட் ஒவ்வொரு கையிலும் உங்களைக் கடிக்கும், பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளை ஆடியே ஆக வேண்டும். ஒன்பது பேர் மேசையின் முதல் இருக்கையில் பத்து-இரண்டு வந்தால் அவரும் கவிழ்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

சிறிய ஜோடி பற்றிச் சொன்னது சரி, அடுக்கு பெரிதாக இருக்கும் வரை. மழைக்காலம் வீட்டில் போட்டி முறையில் ஆடுகிறார்கள், பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும். இருவரிடமும் 15 பெரிய பிளைண்ட்தான் மீதி என்று வையுங்கள். அவர் மூன்றுக்கு ரெய்ஸ் செய்கிறார், நீங்கள் நான்கு ஜோடியோடு மூன்று கொடுத்து வருகிறீர்கள். எட்டரைக்கு ஒன்று என்றால், வெல்லும்போது 22 பிளைண்டாவது வந்தால்தான் முதலுக்கு மோசமில்லை. மேசையில் இருக்கும் நாலரையும் அவரிடம் மிச்சமிருக்கும் பன்னிரண்டும் சேர்ந்தாலும் பதினாறரைதான். அவர் கடைசிக் காய் வரை கொடுத்தாலும் நஷ்டம்.

ஒரே இனம் என்பதற்கும் ஒரு வார்த்தை. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக ராஜா-மூன்றை ஆடாதீர்கள். பிளாப்பிலேயே ஐந்தும் ஒரே இனமாக அமைவது 119 தடவைக்கு ஒன்று. நான்கு அமைந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் நிலை வருவது ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்று. இனம் ஒன்றாவதால் கிடைப்பது நூற்றுக்கு இரண்டு மூன்று புள்ளி மட்டும். நல்ல சீட்டை அது இன்னும் நல்லதாக்கும். குப்பைக்கு வாசனை தெளிப்பதோடு சரி.

இஸ்பேட் ராணி

பிளைண்ட் ஏறிய பிறகு சிறிய ஜோடி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் முதல் ஒரு மணி நேரம்? அப்போதுகூட நூற்றுக்கு ஏழு என்று உட்கார்ந்தால் அது ஆட்டமா, தவமா? ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் சேர்ந்தாலே 39 கைக்கு ஒரு முறைதான் வரும். வீட்டு மேசையில் பேச்சும் சிரிப்புமாக மணிக்கு இருபத்தைந்து கை நகர்ந்தால் அதிகம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நல்ல சீட்டு! அதுவரை நண்பர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவர்களும் முட்டாள்கள் இல்லை, ‘இவன் கை நீட்டினால் ஓடு’ என்று நான்கே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

புதியவன்07

நல்ல இழை. இந்தியாவிலிருந்து பணம் வைத்து ஆட நம்பகமான செயலி எது என்று யாராவது சொல்ல முடியுமா?

மட்டுறுத்துநர்

புதியவன்07, இங்கே சொல்ல மாட்டோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடு அதில் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியதைச் சிலர் இன்னும் காட்டுகிறார்கள். அதற்குப் பின் வந்தது இந்த மத்தியச் சட்டம். இழை சீட்டுத் தேர்வைப் பற்றியதாகவே தொடரட்டும்.

மழைக்காலம்

எல்லோருக்கும் நன்றி. கிளாவர் ஜாக்கியின் 41, 12 கணக்கைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டேன். மனைவி அதை ரத்த அழுத்தம் என்று நினைத்துவிட்டாள்.

இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சுமாரான சீட்டு வந்தால் ரெய்ஸ் செய்யாமல் பிளைண்டை மட்டும் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தால் என்ன? மலிவாக முடியுமே. இரண்டு, ஜாக்கி ஜோடியை என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் எனக்கு உதைதான் கிடைக்கிறது.

நள்ளிரவு நாற்காலி

முதலாவதற்கு லிம்ப் என்று பெயர். யாரும் உள்ளே வராத நிலையில் அப்படி நுழையாதீர்கள். ரெய்ஸ் செய்தால் வெல்ல இரண்டு வழி: எல்லோரும் கவிழ்க்கலாம், அல்லது நம் சீட்டு ஜெயிக்கலாம். லிம்ப் செய்தால் இரண்டாவது வழி மட்டுமே மிச்சம், அதுவும் நான்கு பேர் கூட்டத்தில். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல் 2019இல் ஆறு பேர் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. மனிதர் ஆட்டத்தைப் பார்க்காமல் தன்னோடு தானே ஆடிக் கற்றது அது. சிறிய பிளைண்ட் இருக்கையைத் தவிர வேறெங்கும் லிம்ப் செய்வது லாபமில்லை என்றுதான் அதுவும் முடிவுக்கு வந்தது. ஆனால் உங்களுக்கு முன் மூன்று பேர் ஏற்கெனவே லிம்ப் செய்திருந்து, கையில் நான்கு ஜோடி இருந்தால், ராணி சொன்ன காரணத்துக்காகப் பின்னால் சேர்ந்துகொள்வதில் தவறில்லை.

ஜாக்கி ஜோடி. பிளாப்பில் ராணியோ ராஜாவோ ஏஸோ ஒன்றாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 57. ராணி ஜோடிக்கு மேல் சீட்டு விழுவது 41, ராஜா ஜோடிக்கு 23. ஆக ஜாக்கியோடு போனால் பாதிக்கு மேல் ‘ஐயோ’ என்று சொல்லத்தான் வேண்டும், அதற்குத் தயாராகப் போங்கள். பிளாப்புக்கு முன் நல்ல ரெய்ஸ் செய்து ஆட்களைக் குறைக்க வேண்டும். ராஜா விழுந்து, ஒருவர் இரண்டு சுற்று தொடர்ந்து காய் தள்ளினால் விட்டுவிட வேண்டும். உங்களுக்கு உதை விழுவது இந்த இரண்டாவது இடத்தில் என்று ஊகிக்கிறேன்.

பழைய ரம்மிக்காரன்

ஊகமே வேண்டாம். ஏஸைக் கவிழ்க்க மனம் வராதவர் ஜாக்கி ஜோடியையா கவிழ்ப்பார்?

மழைக்காலம்

பிடிபட்டேன், ஐயா.

மழைக்காலம் (ஒரு மாதம் கழித்து)

அறிக்கை. இரண்டு சனிக்கிழமை ஆடினேன். கைகளை எண்ணிச் சிறு புத்தகத்தில் குறித்தேன், நண்பர்கள் கேலி செய்தார்கள். மொத்தம் 204 கை, ஆடியது 33. முன்பெல்லாம் பாதிக்கு மேல் ஆடியிருப்பேன்.

ஏஸ்-ஒன்பது மூன்று முறை வந்தது. முதல் இருக்கையில் வந்ததைக் கவிழ்த்தேன், பிளாப்பில் ஏஸ், ஒன்பது, ஒன்பது விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு “என்ன ஆயிற்று?” என்று கேட்டார். பட்டனில் வந்தபோது ரெய்ஸ் செய்தேன், இரண்டு பிளைண்டும் ஓடிப்போயின. மூன்றாவது முறை எனக்கு முன்னாலேயே ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தார், கவிழ்த்தேன். முடிவில் அவர் காட்டியது ஏஸ்-ராஜா. அந்த நொடியில் கிடைத்த மகிழ்ச்சி, மேசையில் இருந்த காய்களை வென்றிருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

ஜோடிகள் பதினொன்று. ஒன்றுதான் மூன்றானது, அதில் ஒருவருடைய முழு அடுக்கும் வந்தது. ராணி அக்காவுக்கு நன்றி. ஜாக்கி ஜோடியை ஒருமுறை ராஜா விழுந்ததும் விட்டேன். எதிரே இருந்தவர் சீட்டைக் காட்டவில்லை, இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது புது வருத்தம். இரண்டாம் சனிக்கிழமை, ஒன்பது மணி வாக்கில், ஏஸ் ஜோடி. எட்டு மாதத்தில் எனக்கு வந்த மூன்றாவது ஏஸ் ஜோடி. சாதாரணமாகத்தான் ரெய்ஸ் செய்தேன். வரிசையாக எட்டுப் பேரும் கவிழ்த்தார்கள். சமோசா தின்றுகொண்டிருந்தவர்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கவிழ்த்தார். கிடைத்தது ஒன்றரைப் பிளைண்ட்.

இஸ்பேட் ராணி

நான்கு வாரம் என்றேன், இரண்டே ஆட்டத்தில் கற்றுக்கொண்டார்களே! அடுத்த முறை முதல் ஒரு மணி நேரத்துக்குள் பட்டனில் ஒரே இன ஏழு-எட்டோடு ரெய்ஸ் செய்யுங்கள். தோற்றாலும் சரி, சீட்டை மேசையில் திறந்து காட்டுங்கள். எல்லோரும் பார்க்க வேண்டும். பிறகு ஏஸ் வரும்போது தட்டைக் கீழே வைக்க மாட்டார்கள்.

கிளாவர் ஜாக்கி

வாழ்க்கையில் முதல் முறையாக ராணியோடு உடன்படுகிறேன். பட்டனில் மட்டும். முதல் இருக்கையில் வேண்டாம்.

பழைய ரம்மிக்காரன்

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பாத்திரம்?

மழைக்காலம்

முதல் சனிக்கிழமை நான்காவது இடம், இரண்டாவதில் மூன்றாவது. கழுவவில்லை, ஐயா. கழுவியதைத் துடைத்து அடுக்கச் சொன்னார்கள்.